ஓரத்து வெள்ளை

நம் வயதுக்காரர்கள் ஒருமுறை வலது கட்டைவிரலைத் திருப்பிப் பாருங்கள். ஓரம் கொஞ்சம் தட்டையாக இருந்தால் நீங்களும் தீப்பெட்டி ஒட்டி வளர்ந்தவர்தான். நான் சொல்லப்போவது உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். தட்டையில்லாதவர்களும் உட்காருங்கள், விளக்கிச் சொல்கிறேன். "சொல்லுறவளுக்கு வாய் ஒண்ணு, கேக்குறவனுக்குக் காது ரெண்டு, அதனால பொறுமை கேக்குறவனுக்குத்தான் வேணும்" என்பாள் எங்கள் அம்மா.

அப்போது எனக்குப் பதினோரு வயது. திருத்தங்கலுக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. அக்காவுக்கு வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்த கோடை அது. அந்தக் கோடையின் வாசனை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் கலந்த பசையின் வாசனை. பசை ஆறினதும் லேசாகப் பச்சை நிறம் காட்டும். சோறு அள்ளினால்கூட அந்த வாடை வரும். பள்ளிக்கூடம் லீவு என்பதால் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் பெட்டி ஒட்டுவேன். அப்போதெல்லாம் தீப்பெட்டி அட்டையில் வராது, மரத்தில்தான் வரும். மரம் என்றால் தாளை விடக் கொஞ்சம் தடிமனான ஏடு. அதைக் கோடு விழுந்த இடத்தில் மடக்கி, நீலத்தாளைச் சுற்றி ஒட்டினால் பெட்டி.

அந்த ஏட்டை உரிக்கிற கம்பெனியில்தான் அய்யாவுக்கு வேலை. மலையாளத்துப் பக்கமிருந்து லோடு லோடாக வெள்ளை மரம் வந்து இறங்கும். தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, மிஷினில் மாட்டிச் சுற்றவிட்டால் நீளக் கத்தி வாழைத்தண்டுக்குப் பட்டை உரிப்பதுபோல் உரித்துக்கொண்டே போகும். மரம் பாயாக விரிந்து வெளியே வரும். அய்யா அந்தக் கத்திக்கு முன்னால் இருபது வருடம் நின்றவர். வேட்டியில் எப்போதும் புளித்த கஞ்சி வாடை, ஊறின மரத்தின் வாடை. "மரம்னா எனக்கு வெத்தலை மாதிரி. மடிச்சுப் பாத்தே சொல்லிருவேன், இளசா முத்தலான்னு" என்று டீக்கடையில் சொல்லுவார். யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். தெருவில் யார் வீட்டுக்குக் கதவு, ஜன்னல் என்றாலும் அய்யாவைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.

மாப்பிள்ளைக்குச் சிவகாசியில் அச்சாபீஸ் வேலை. நகக்கண்ணில் மை போகாத கை. அக்கா அவரை இரண்டே தடவை பார்த்திருந்தாள், இரண்டும் பஸ் ஸ்டாப்பில். இரண்டாவது தடவை பார்த்துவிட்டு வந்து, ஒட்டின பெட்டிக்கே மறுபடி பசை தடவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து நான் சிரித்தேன், அவள் என் தலையில் குட்டினாள். அதற்கு முந்தின வருடம் ஒரு சம்பந்தம் பேசி, தட்டிப்போயிருந்தது. இதுவும் தட்டிப்போனால் அவ்வளவுதான் என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "மொத தடவை விழுந்தா கல்லு மேல தப்பு, ரெண்டாந் தடவை விழுந்தா கண்ணு மேல தப்பு"ம்பாள். தெரு கண்ணைத்தான் குறை சொல்லும், தெரியுமில்லையா.

பேசி முடித்த அன்று மாப்பிள்ளையின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். நான் அவளை அத்தை என்பேன். பருத்த உடம்பு, வெற்றிலைச் சிவப்பு வாய்.

"நகை முன்னப்பின்ன இருக்கட்டும் அண்ணே. பாத்திரம் பண்டம் உங்க இஷ்டம். கட்டில் மட்டும் முழுத்தேக்கா இருக்கணும். ஒரு துண்டு வேத்து மரம் கலந்திருந்தாலும் வைகாசி கெடையாது. இப்பமே சொல்லிட்டேன், அப்புறம் மொகத்தத் தூக்கக் கூடாது."

"ஏன் மதினி, கட்டில் மேல அம்புட்டு ஆசை?" என்று அம்மா சிரித்து மழுப்பப் பார்த்தாள்.

"ஆசையா? நான் கொண்டுவந்த கட்டில் ஒரே வருசத்துல உளுத்து, மாவாக் கொட்டுச்சு. எங்க மாமியா தெனமும் வாசத் தெளிக்கையில 'மாவுக் கட்டில்காரி, எந்திரிச்சிட்டியா'ன்னு கேப்பா. இருவது வருசம் கேட்டா. அவ செத்த அன்னைக்குத்தான் நிறுத்துனா. எம்மருமக அந்தப் பேச்சுக் கேக்கக் கூடாது."

எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே கதவிடுக்கில் நின்ற அக்கா சிரிக்கவில்லை.

தெருக்கோடியில் ஓலைக் கொட்டகை போட்டு வேலை செய்துகொண்டிருந்த ஆசாரியிடம்தான் கட்டில் சொன்னார்கள். ஒல்லியான மனிதர். பேச்சுக் குறைவு. காதில் பென்சில், வாயில் ஆணி, பிறகு எங்கே பேச? அவர் பேச்சையும் சேர்த்து அவர் வீட்டம்மா பேசுவாள். கட்டில் கால்களும் சட்டமும் பலகையும் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. தேக்குச் சீவலின் வாசனை, பழைய தோல் பையைத் திறந்ததுபோல், நடுவீட்டில் நின்றது. கடைசியாகத் தலைமாட்டுப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். அங்கேதான் வந்தது வினை.

நாலு பலகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பசைபோட்டுச் சேர்த்த தலைமாடு அது. உற்றுப் பார்த்தால் மூன்று இடத்தில் மயிரிழைக் கோடு. ஒரு பலகையின் ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை ஓடியிருந்தது; இடையில் ஒட்டுக்கோடு இல்லை, தேக்கின் வரியே வெள்ளைக்குள்ளும் தொடர்ந்து ஓடியது. அய்யா அந்த வெள்ளையில் விரலை வைத்தார்.

"இது என்னது ஆசாரி?"

"வைரம் பாயாத ஓரம் அண்ணாச்சி. எந்தத் தேக்குலயும் வெளிப்பக்கம் வெள்ளை உண்டு. அதுவும் தேக்குதான்."

"வெள்ளை மரம் எங்க கம்பெனியில மலையாக் கெடக்கு. அதக் கொண்டாந்து எனக்கேவா? சரி, இது என்ன, ஒட்டுப்போட்டிருக்கீரு? முழுத்தேக்குன்னு சொல்லித்தான குடுத்தேன்?"

"ஒட்டுனாலும் அம்புட்டும் முழுமரம்தான் அண்ணாச்சி. இந்த அகலத்துக்கு ஒத்தப் பலகையா எடுத்தா ஒரு வெயிலுக்கு வளைஞ்சிரும். வெள்ளை புடிக்கலன்னா அந்த ஒண்ண மாத்தித் தாரேன். நாலு நாள் பொறுங்க."

"இருவது வருசமா மரம் உரிக்கிறவன் நான். எனக்கே மரம் சொல்லித் தாரீரோ?"

ஆசாரி பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். வாசலில் நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். அய்யா அவர் முதுகுக்குப் பின்னால் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "தீப்பெட்டி மரத்தத் தேக்குன்னு தள்ளப் பாக்கான். நல்லவேளை, பாத்தவன் நானா இருந்தேன்."

மறுநாளே அய்யா விருதுநகருக்குப் பஸ் ஏறினார். பர்னிச்சர் கடையிலிருந்து ஒரு தலைமாட்டை வேனில் ஏற்றி, மாட்டுகிற ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அடேயப்பா, அதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! தேன் நிறம். பாலிஷில் முகம் தெரியும். கோடு இல்லை, ஒட்டு இல்லை, வெள்ளை இல்லை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரே பலகை. தெருவே வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனது. "இதான்யா முழுத்தேக்கு" என்றார் அய்யா, ஒவ்வொருத்தரிடமும் புதிதாக.

நானும் அதன் முன்னால் உட்கார்ந்துதான் பெட்டி ஒட்டினேன். இரண்டு மூன்று நாள் பார்த்துக்கொண்டே ஒட்டினதில் ஒன்று கண்ணில் பட்டது. பலகையின் நடுவில் மரத்தின் கண் ஒன்று, புளியங்கொட்டை அளவு. அதற்கு இடப்பக்கம் அதே அளவில், அதே சாய்வில் இன்னொரு கண். வலப்பக்கமும் அப்படியே. தீப்பெட்டி லேபிள் தாளில் ஒரே கிளி வரிசையாக அச்சாகியிருக்குமே, அந்த மாதிரி. மரம் எங்கேயாவது ஒரே கண்ணை மூன்று தடவை வைக்குமா என்று யோசித்தேன். யோசித்ததோடு விட்டிருக்கலாம். ஒட்டுகிற பிள்ளைகளின் கை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும், ஒட்டினது எதைக் கண்டாலும் நகம் உள்ளே போகும். பலகையின் விளிம்பில் ஒட்டியிருந்த மெல்லிய பட்டை ஒரு மூலையில் லேசாக எழும்பியிருந்தது. நகத்தைக் கொடுத்தேன். சாண் நீளத்துக்கு உரிந்து வந்துவிட்டது.

உள்ளே ஏடுகள். மேலே தேன் நிறத்தில் தாள் கனத்துக்கு ஒன்று. அதன் கீழே வெள்ளையாக ஒன்று, அதற்கும் கீழே நார் குறுக்கே ஓடுகிற இன்னொன்று, மறுபடி வெள்ளை. தினமும் என் மடியில் கிடக்கிற அதே மாதிரி உரித்த வெள்ளை மரம். அய்யா இருபது வருடமாக உரிக்கிறாரே, அதே வேலைதான். யாரோ எங்கேயோ உரித்து, அடுக்கி ஒட்டி, மேலே தேக்குத் தோலைப் போர்த்தி அய்யாவிடமே விற்றுவிட்டார்கள்.

சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. கிண்ணத்திலிருந்த துத்தப் பசையை அள்ளித் தடவி, பட்டையைப் பழையபடி வைத்து அழுத்தினேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழியே இல்லை, வீட்டுக்குள்ளேயே பயம். யாராவது அந்த மூலைப்பக்கம் போனால் தண்ணீர் தாகம் எடுக்கும். "என்ன புள்ள, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்று அம்மா திருநீறு பூசிவிட்டாள்.

அத்தை வெள்ளிக்கிழமை மத்தியானம் கட்டிலைப் பார்க்க வருவதாக ஆள் சொல்லிவிட்டிருந்தாள். வியாழக்கிழமை காலையில் அம்மா, நல்ல காரியமாயிற்றே என்று, மஞ்சள் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துக் கட்டில் முழுவதும் துடைத்தாள். விளிம்பில் நன்றாகப் பிழிந்து பிழிந்து துடைத்தாள். நான் உரித்த மூலைக்குத் துணி போகப்போக, மடியிலிருந்த ஏட்டைக் கோடு இல்லாத இடத்தில் மடக்கி முறித்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால், அந்த மூலையில் தோசைக்கல்லில் எழும்புகிற கொப்புளம்போல் தேக்குத் தோல் உப்பியிருந்தது. விரலால் அமுக்கினால் உள்ளே போனது, எடுத்தால் திரும்ப எழும்பியது.

அக்காவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அடிக்கவில்லை. வந்து கொப்புளத்தை அமுக்கிப் பார்த்தாள். மூன்று கண்களையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

"அய்யாட்ட சொல்லிருவோமாக்கா? ஆசாரிட்ட கேட்டா அந்தப் பழைய பலகையத் தருவாரு."

"அய்யா தெரு பூராம் சொல்லிட்டாகளே. இனி ஆசாரி வாசல்ல போயி நிப்பாகளா? நின்னா அப்புறம் டீக்கடைக்குப் போவாகளா?"

"அப்ப அத்தை கண்டுபிடிச்சிட்டா?"

அக்கா இரண்டு தலையணையை எடுத்து அந்த மூலையை மறைத்துச் சாய்த்துவைத்தாள். அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை, நானும்தான்.

வெள்ளிக்கிழமை வெயிலோடு அத்தை வந்து இறங்கினாள். கூட இரண்டு சொந்தக்காரப் பெண்கள். எங்கள் தெருப் பெண்களும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஆசாரி வீட்டம்மாவும் வந்திருந்தாள், இடுப்பில் பிள்ளையோடு ஓரமாக. அத்தை முதலில் காலைத் தட்டினாள். கெட்டிச் சத்தம். "நல்லாருக்கு." சட்டத்தைத் தட்டினாள். "ம்ம்." பலகையைக் குனிந்து அடிப்பக்கம் பார்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். என் கை வியர்வையில் பாலிஷ் வழுக்கியது.

பிறகு தலையணைகளை எடுத்துப் போட்டாள்.

உள்ளங்கையைத் தலைமாட்டில் வைத்து இந்த முனையிலிருந்து தடவிக்கொண்டே போனாள். மூலைக்கு வந்ததும் கை நின்றது. கட்டைவிரல் கொப்புளத்தை ஒருதரம் அமுக்கியது, விட்டது, இன்னொரு தரம் அமுக்கியது. அவள் நிமிர்ந்து அய்யாவைப் பார்த்தாள். அய்யா, பரிசு வாங்கப்போகிற பிள்ளைபோல் நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அக்கா செம்பில் தண்ணீரோடு அத்தையின் பக்கத்தில் வந்தாள். குனிந்து செம்பை நீட்டினபோது சொன்னது, தலைமாட்டுக் காலைப் பிடித்து நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

"எனக்குத் தெரியும் அத்தை. எங்கய்யாவுக்குத் தெரியாது. நீங்க வேண்டாம்னு போறதா இருந்தா வேற காரணம் சொல்லிட்டுப் போங்க. மரத்தச் சொல்லாதீக."

அத்தை செம்பை வாங்கினாள். அண்ணாந்து குடித்தாள். அந்தச் செம்பு காலியாக எவ்வளவு நேரம் ஆனது என்கிறீர்கள்! அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் துடைத்துவிட்டு உரக்கச் சொன்னாள்:

"தலைமாடு நல்லாருக்கு அண்ணே. வைகாசியிலயே வச்சுக்கிருவோம்."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வாசல் பெண்கள் குலவையிட்டார்கள். அத்தோடு முடிந்திருந்தால் இதை நான் சொல்லவே வேண்டியிருக்காது. அய்யாவுக்குச் சந்தோசம் தலைக்கேறிவிட்டது.

"பின்னே? எங்க தெரு ஆசாரி ஒருத்தன் வெள்ளை மரத்த ஒட்டி, தேக்குன்னு என் தலையில கட்டப் பாத்தான். தீப்பெட்டி ஆசாரி! நான் விடுவனா?"

தெருவே சிரித்தது. அத்தை தரையைப் பார்த்தாள். அக்கா செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் ஆசாரி வீட்டம்மாவைப் பார்த்தேன், அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. இடுப்புப் பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு நடந்தாள்.

கல்யாணம் நடந்தது. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடி என்பார்களே. "அந்த ஆயிரத்துல ஒண்ணு என்னோடது" என்று அத்தை பின்னால் அக்காவிடம் சொல்லிச் சிரித்தாளாம். சாகிற வரைக்கும் அந்தக் கட்டிலைப் பற்றி ஒரு சொல் குத்திப் பேசியதில்லை. ஆனால் அய்யா சொன்ன பேர் தெருவில் நின்றுவிட்டது. பையன்கள் கொட்டகை வழியாகப் போகும்போதெல்லாம் "தீப்பெட்டி ஆசாரி" என்று கத்திவிட்டு ஓடுவார்கள். ஒருநாள் அவர்களோடு நானும் ஓடினேன். கத்தினேனா என்று கேட்காதீர்கள். அய்யா சொல் என்பதால் கதவு, ஜன்னல் வேலைக்கு அவரைக் கூப்பிட ஆளில்லாமல் போனது. அடுத்த தைக்குள் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு குடும்பமே ராஜபாளையத்துப் பக்கம் போய்விட்டது.

அய்யா கடைசி வரைக்கும் அது ஒற்றைப் பலகை என்றே நம்பிப் போய்ச்சேர்ந்தார். மற்ற விஷயங்களில் நல்ல மனிதர். முன்னால் வெள்ளை தெரிந்த மரத்தைச் சந்தேகப்பட்டார், உள்ளே வெள்ளையை ஒளித்ததை நம்பினார். நாம் மட்டும் என்ன? எத்தனை பேரை இப்படி எடைபோட்டிருப்போம்.

போன வருடம் ராஜபாளையத்தில் ஒரு வளைகாப்புக்குப் போனேன். பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த வயதானவளைப் பார்த்ததும் கை இலையிலேயே நின்றுவிட்டது. ஆசாரி வீட்டம்மா. கை கழுவுகிற இடத்தில் போய்ப் பிடித்துக்கொண்டேன். யார் என்று சொன்னேன். ஆசாரி காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது என்றாள். நான் தலைமாட்டுக் கதையை, பசை தடவினதிலிருந்து, அங்கேயே ஈரக் கையோடு கொட்டித் தீர்த்தேன்.

"எனக்குத் தெரியும் தாயி" என்றாள். "கட்டில் காலப் புடிச்சுக்கிட்டு நின்னியே, அன்னைக்கே ஒம்மொகத்துல பாத்துட்டேன். அதுக்கு முன்னாலயே அவுக சொன்னாக, அந்தக் கடைப் பலகை ஒட்டுத் தோலுன்னு. தூரத்துல நின்னு ஒரு தடவதான் பாத்தாக."

"அப்ப ஏம்மா யாருட்டயும் சொல்லல?"

"சொன்னா ஒங்கக்கா கல்யாணம் நின்னுபோகுமே. 'பொம்பளப்புள்ள காரியம், வாயத் தொறக்காத'ன்னுட்டாக. கல்யாணம் முடியட்டும், அந்த வீட்ல யாராச்சும் ஒருத்தர் வந்து சொல்லுவாகன்னு இருந்தோம். தை வரைக்கும் இருந்தோம்." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்கக்கா நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா. பேரன் பேத்தி எடுத்துட்டா."

"இருக்கட்டும்."

"என்னை மன்னிச்சிருங்கம்மா" என்றேன்.

"அத என் காதுல சொல்லி என்ன செய்ய? ஒங்கய்யா தெருவுல நின்னுல்ல சொன்னாரு. நீயும் போயித் தெருவுல சொல்லு."

தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். கொட்டகை இருந்த இடத்தில் அச்சாபீஸ் குடோன். எங்கள் வீட்டில் யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள். அன்றைக்கு வாசலில் நின்று சிரித்தவர்களில் பாதிப் பேர் இல்லை, மீதிப் பேர் பிள்ளைகளோடு திருப்பூர், கோயம்புத்தூர் என்று கிளம்பிப் போயாயிற்று. உங்களில் சிலர் அந்தத் தெருக்காரர்கள், எனக்குத் தெரியும். அன்றைக்குச் சிரித்தவர்களும் இருப்பீர்கள். அதனால் இங்கேயே நின்று சொல்கிறேன்.

ஆசாரி கொண்டுவந்தது தேக்கு. நாலு பலகையாக ஒட்டியிருந்தாலும் முழுத்தேக்கு. ஓரத்தில் ஓடின வெள்ளையும் தேக்கு. எங்கள் அய்யா சொன்னது தப்பு. அது எனக்கு அந்த வெள்ளிக்கிழமையே தெரியும்.